நிர்வானாவின் சிறந்த பாடல்களும் பங்க் செல்வாக்கும்: ஒரு ரசிகர் வட்டத்து விவாதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராக் இசையைக் கூடிக் கேட்பதற்கென்று மாதம் ஒரு முறை சந்திக்கும் சிறிய ரசிகர் வட்டம் ஒன்று, நிர்வானா இசைக்குழுவின் சிறந்த பத்துப் பாடல்களைத் தேர்ந்தெடுக்க முயன்றபோது எழுந்த கருத்து மோதலும், அது தீர்ந்த அளவும் தீராத அளவும் இங்கே பதிவாகின்றன. அந்த வட்டத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பட்டியலைப் பற்றி எனக்கும் விருப்பு வெறுப்புகள் உண்டு என்பதை வாசிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். உறுப்பினர்களின் பெயர்களும் அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களும் விடப்பட்டுள்ளன.

வட்டத்தில் எட்டுப் பேர் இருந்தனர். ஓர் இசைக்குழுவை எடுத்துக்கொண்டு, அதை அதிகம் அறியாத நண்பர்களை ஒரு மாலைக்கு அழைத்து, பத்துப் பாடல்களை ஒலிக்கவிட்டு, ஒரு பக்க அறிமுகக் குறிப்பைக் கையில் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். முன்பு எடுத்துக்கொண்ட இசைக்குழுக்களுக்கு ஒரே அமர்வில் பட்டியல் தயாராகியிருந்தது. நிர்வானாவுக்கும் அப்படியே ஆகும் என்றுதான் எல்லோரும் எண்ணினர். 1987இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து அபர்டீனில் பாடகரும் கிதார் கலைஞருமான கர்ட் கோபேனும் கிறிஸ்ட் நோவோசெலிக்கும் தொடங்கிய அந்த இசைக்குழு, 1994 ஏப்ரலில் கோபேன் இறந்ததோடு முடிந்துபோனது. அதற்குள் வெளிவந்த ஸ்டூடியோ ஆல்பங்கள் மூன்றுதான்: 1989இல் ‘பிளீச்’, 1991இல் ‘நெவர்மைண்ட்’, 1993இல் ‘இன் யூட்டரோ’. 1992இல் வந்த ‘இன்செஸ்டிசைட்’ என்ற தொகுப்பையும், அக்கூஸ்டிக் கருவிகளைக் கொண்டு மென்மையாக வாசித்து, கோபேன் மறைந்த பின் வெளியான அன்பிளக்டு நிகழ்ச்சிப் பதிவையும் சேர்த்தாலும், அனைத்தையும் ஒரே நாளில் கேட்டு முடித்துவிடலாம்.

மோதல் தொடங்கிய இடம்

அறிமுகக் குறிப்பின் முதல் வரைவில் ஒரு வாக்கியம் இருந்தது. நிர்வானா அடிப்படையில் ஒரு பங்க் (எழுபதுகளில் எழுந்த, எளிமையும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் வகை) இசைக்குழு என்றும், அதன் சிறந்த பாடல்கள் எல்லாம் அந்த வேரிலிருந்து முளைத்தவை என்றும் அது சொன்னது. அதை எழுதியவர் வட்டத்தின் மூத்த ரசிகர். ‘பிளீச்’ ஆல்பத்தையும் அதற்கு முந்தைய ஒற்றைப் பாடல் வெளியீடுகளையும் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருபவர். அவர் முன்வைத்த பத்துப் பாடல்களில் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ இல்லை; அன்பிளக்டு பதிவிலிருந்து ஒன்றும் இல்லை. ‘நெகட்டிவ் கிரீப்’, ‘பிரீட்’, ‘டெரிடோரியல் பிஸ்ஸிங்ஸ்’, ‘டூரெட்ஸ்’ போன்ற வேகமும் கரடுமுரடும் மிக்க பாடல்களே அதை நிறைத்திருந்தன.

டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இதை மறுத்தார். நிர்வானாவின் பலம் மெட்டில் இருக்கிறது என்றும், நினைவில் நிற்கும் பல்லவிகளை எழுதும் திறமையைப் பங்கிலிருந்து யாரும் கற்றிருக்க முடியாது என்றும், கிதார் ஒலியின் கனம் எழுபதுகளின் ஹெவி மெட்டலிலிருந்து வந்தது என்றும் அவர் வாதிட்டார். அன்பிளக்டு நிகழ்ச்சியின் வழியாகவே இந்த இசைக்குழுவுக்குள் நுழைந்த இளைய உறுப்பினர் ஒருவர், பங்க் என்ற பேச்சையே குறிப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். முதன்முறையாகக் கேட்க வருபவருக்கு அந்த வரலாறு சுமையாகவே இருக்கும் என்பது அவர் தரப்பு. ஒலிப்பதிவுத் துறையில் பணியாற்றும் மற்றொருவர், பாடல்களைப் பற்றிய தகராறு உண்மையில் தயாரிப்பாளர்களைப் பற்றிய தகராறே என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேசவில்லை. அவர் சொன்னதில் பாதி சரியாக இருந்தது பின்னர்தான் தெரிந்தது.

முதல் அமர்வு முடிவின்றிக் கலைந்தது. இரண்டாவது அமர்விலும் அதே வாதங்கள் சற்று உரத்த குரலில் திரும்பி வந்தன. பட்டியலில் ‘டீன் ஸ்பிரிட்’ இடம்பெறுமானால் தன் பெயரைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடும்படி மூத்த ரசிகர் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கவனிக்கப்பட்டவை

இரண்டு அமர்வுகளின் குறிப்புகளையும் சேர்த்துப் படித்தபோது முதலில் கண்ணில் பட்டது, ஒரே பாடலை இரு தரப்பினரும் நேரெதிரான முடிவுகளுக்குச் சான்றாகக் காட்டியிருந்ததுதான். ‘பிரீட்’ பாடலில் மூச்சுவிடாமல் திரும்பத் திரும்ப வரும் கிதார் ரிஃப், 1976இல் பதினான்கு பாடல்களை அரை மணி நேரத்துக்குள் அடக்கி முதல் ஆல்பம் வெளியிட்ட ரமோன்ஸ் இசைக்குழுவை ஒருவருக்கு நினைவூட்டியது. அந்த ரிஃபின் தடிமன் இன்னொருவருக்கு மெட்டலாகக் கேட்டது. பவர் கார்டு எனப்படும், மூல சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் சேர்த்து அழுத்தும் கிதார் முறையையும் இப்படியே இரு தரப்பும் மேற்கோள் காட்டின. பங்கிலும் மெட்டலிலும் அதுவே அன்றாடப் பழக்கம் என்பதால், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய அது உதவாது.

இரண்டாவதாக, பங்க் என்பதை ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளில் எடுத்துக்கொண்டிருந்தனர். மூத்த ரசிகருக்கு அது வேகமும் சுருக்கமும் மெருகின்மையும் கலந்த ஓர் ஒலி. டிரம்ஸ் வாசிப்பவருக்கு 1976, 1977 ஆண்டுகளில் நியூயார்க்கிலும் லண்டனிலும் முளைத்த சில இசைக்குழுக்கள் மட்டுமே பங்க். இளைய உறுப்பினருக்கு அது ஓர் உடையும் மனப்பாங்கும். சிறு பதிவு நிறுவனங்கள், சொந்தச் செலவில் ஒலிப்பதிவு, ஒரே மேடையில் ஏறி இறங்கும் நட்பு இசைக்குழுக்கள் என்ற வாழ்க்கை முறையாக அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கோபேன் வளர்ந்த வட்டாரத்தில் பங்க் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் இருந்தது.

மூன்றாவது கவனிப்பே எனக்கு முக்கியமாகப் பட்டது. பங்க் செல்வாக்கு என்பது யாரிடமிருந்து யாருக்கு என்ன வந்தது என்ற வரலாற்றுக் கேள்வி. பழைய பதிவுகளைக் கேட்டும், பேட்டிகளைப் பார்த்தும், யார் யாருடன் வாசித்தார்கள் என்று தேடியும் அதற்கு விடை காணலாம். எந்தப் பாடல் சிறந்தது என்பதற்கு அப்படிப்பட்ட சோதனை கிடையாது. ஆனால் விவாதத்தில் முதலாவது கேள்வி இரண்டாவதற்குப் பதவிச் சான்றிதழாகப் பயன்பட்டது. தனக்குப் பிடித்த பாடலுக்கு மதிப்புக் கூட்ட விரும்பியவர் அதைப் பங்க் என்றார். அந்தப் பாடலைப் பிடிக்காதவர் இல்லை என்றார். விருப்பத்தைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்பதால், இருவரும் வரலாற்றைத் துணைக்கு அழைத்தனர்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

நெறியாளராக இருந்தவர் மூன்றாவது அமர்வுக்கு முன் சில முடிவுகளை எடுத்தார். பட்டியலைப் பற்றிய பேச்சை முழுமையாக ஒத்திவைத்து, செல்வாக்கு பற்றிய கேள்வியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வது அவற்றில் முதன்மையானது. பட்டியல் மேசையில் இருக்கும்வரை ஒவ்வொரு வரலாற்றுத் தகவலும் ஒரு பாடலுக்கான வாக்காக மாறிவிடும் என்று அவர் காரணம் சொன்னார்.

எந்தச் செல்வாக்கைப் பற்றிப் பேசினாலும் அதற்குரிய பழைய பதிவை முதலில் ஒலிக்கவிட வேண்டும் என்பது அடுத்த விதி. முன்னோடி இசைக்குழுக்களின் பெயர்களை உதிர்ப்பது எளிது. ஸ்டூஜஸ், பிளாக் ஃபிளாக், வைப்பர்ஸ் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த ஆல்பங்களை அண்மையில் கேட்டிருந்தனர் என்பது சந்தேகமே. தவிர, கேட்டல் நடக்கும் நேரத்தில் வாக்குவாதம் நடக்காது என்ற எளிய நன்மையும் இருந்தது.

இசைக்குழுவின் செயல்களைச் சொற்களைவிட மேலான சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். கோபேன் பேட்டிகளில் ஒரு நாள் ஒன்றும் மறுநாள் வேறொன்றும் சொல்லக்கூடியவர். மேடையில் எந்தப் பாடலை எடுத்து வாசித்தார்கள், யாரை இசைக்குழுவில் சேர்த்தார்கள், யாரிடம் ஒலிப்பதிவைக் கொடுத்தார்கள் என்பவை மாறாதவை. மூத்த ரசிகரைத் தனியே சந்தித்து, வரைவை எழுதியவர் என்ற முறையில் சான்றுகளைத் திரட்டும் வேலையை அவரே ஏற்க வேண்டும் என்று கேட்டதும் நெறியாளர்தான். அவர் திரும்பி வந்தார். வெளியே போன ஒருவரைச் சமாதானப்படுத்தி அழைப்பதைவிட, அவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலையை அவரிடம் கொடுப்பது பயன் தரும் என்பதை இங்கே கண்டோம்.

சான்றுகளை ஒலிக்கவிட்டபோது

முதலில் கேட்டது பிளாக் ஃபிளாக்கின் 1984ஆம் ஆண்டு ஆல்பமான ‘மை வார்’. அதன் முதல் பக்கம் எதிர்பார்த்த வேகத்தில் ஓடியது. இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாடல்கள். ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்தைத் தாண்டி, சேற்றில் இழுபடுவதைப் போல மெதுவாக நகர்ந்தது. ஹார்ட்கோர் எனப்படும், இன்னும் வேகமும் மூர்க்கமும் கூடிய பங்கின் முன்வரிசையில் நின்ற இசைக்குழு ஒன்று வேகத்தைத் தானே கைவிட்ட பதிவு அது. அபர்டீனுக்கு அருகிலிருந்த மாண்டிசானோ ஊரின் மெல்வின்ஸ் அந்த மெதுவை இன்னும் கனமாக்கினார்கள். அவர்களுடைய பஸ் ஆஸ்போர்ன்தான் இளம் கோபேனுக்குப் பங்க் பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து கொடுத்து அறிமுகம் செய்தவர். மெல்வின்ஸின் டிரம்மர் டேல் குரோவர் ‘பிளீச்’ ஆல்பத்தின் மூன்று பாடல்களில் வாசித்திருக்கிறார். ஆகவே மெதுவாகவும் கனமாகவும் இருப்பது மெட்டல், விரைவாக இருப்பது பங்க் என்ற பிரிப்பு, குறைந்தபட்சம் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. விவாதத்தில் இரு தரப்பும் முதன்முதலாக ஒத்துப்போனது இந்த இடத்தில்தான்.

அடுத்து பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக 1990 அக்டோபரில் செய்த பதிவு. அதில் நிர்வானா நான்கு பாடல்களை வாசித்தது. நான்கில் ஒன்றும் அவர்களுடையது இல்லை. ஸ்காட்லாந்தின் வாஸ்லின்ஸ் பாடல்கள் இரண்டு, ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லாந்தின் வைப்பர்ஸ் பாடலான ‘டி-7’, டீவோவின் பாடல் ஒன்று. அயல்நாட்டு வானொலியில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பைத் தாங்கள் விரும்பிய இசைக்குழுக்களுக்கு விட்டுக்கொடுத்த செயல் அது. இதை மூத்த ரசிகரே கண்டெடுத்துக் கொண்டுவந்தார். ஆனால் இந்தச் சான்று அவருடைய பழைய வாதத்துக்கு முழுத் துணையாகவும் நிற்கவில்லை: வாஸ்லின்ஸ் பாடல்கள் எளிய, குழந்தைத்தனமான, இனிய மெட்டுகளைக் கொண்டவை. அவையும் பங்கிலிருந்து கிளைத்த ஒரு மரபுதான் என்றால், மெட்டும் பங்கும் எதிரெதிர் என்ற டிரம்ஸ் வாசிப்பவரின் வாதமும், மெருகின்மையே பங்க் என்ற மூத்த ரசிகரின் வாதமும் சேர்ந்தே தளர்ந்தன.

பிறகு வந்தது, எல்லோரும் பயந்துகொண்டிருந்த ‘டீன் ஸ்பிரிட்’. அதன் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தோம். கேட்பவர்கள் ஹார்ட்கோர் என்று நினைத்த டிரம்ஸ் தொடக்கத்தைத் தான் கேப் பேண்டு, காமியோ போன்ற, ஃபங்க் என்ற நடன இசையை வாசித்த இசைக்குழுக்களிடமிருந்தும் டிஸ்கோ டிரம்மர் டோனி தாம்சனிடமிருந்தும் எடுத்ததாக நிர்வானாவின் டிரம்மர் டேவ் க்ரோல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரிஃப், பாஸ்டன் இசைக்குழுவின் ‘மோர் தேன் எ ஃபீலிங்’ பாடலுக்கு நெருக்கமானது. 1992 ரெடிங் விழா மேடையில் நிர்வானாவே அதன் தொடக்கத்தை வாசித்து இந்தப் பேச்சைக் கேலி செய்தது. சரணத்தில் தணிந்து பல்லவியில் வெடிக்கும் அமைப்பைப் பிக்சீஸ் இசைக்குழுவிடமிருந்து பெற்றதாகவும், அவர்களைப் பிரதி எடுக்கவே முயன்றதாகவும் கோபேன் 1994 ஜனவரியில் வெளியான பேட்டியில் ஒப்புக்கொண்டார். எஞ்சியது தலைப்பு. அது ஒலிம்பியா நகரத்துப் பங்க் இசைக்குழுவான பிகினி கில்லின் கேத்லீன் ஹன்னா சுவரில் எழுதிவைத்த ஒரு கிண்டல் வரியிலிருந்து வந்தது. ஆக, ஃபங்க் டிரம்ஸ், ஸ்டேடியம் ராக் ரிஃப், பங்குக்குப் பிந்தைய ஓர் இசைக்குழுவின் கட்டமைப்பு, பங்க் தோழியின் கிண்டல். பங்க் இல்லை என்று இந்தப் பாடலைத் தள்ளவும் முடியவில்லை. பங்க் என்று ஏற்கவும் முடியவில்லை. பாடலைப் பலமுறை கேட்டுச் சலித்திருந்த எனக்கும் இந்தப் பிரிப்புக்குப் பின் அது சற்றுப் புதிதாகக் கேட்டது.

ஒலிப்பதிவுத் துறை உறுப்பினர் முன்பு சொன்னது இந்த இடத்தில் திரும்ப வந்தது. ‘பிளீச்’ சியாட்டிலில் ஜாக் எண்டினோவிடம் பதிவானது; ஆன செலவு 606.17 டாலர். ‘நெவர்மைண்ட்’ லாஸ் ஏஞ்சலிஸ் வான் நைஸ் பகுதியிலிருந்த சவுண்ட் சிட்டியில் புட்ச் விக்கின் தயாரிப்பில் உருவாகி, ஆண்டி வாலஸின் ஒலிக்கலவையில் மெருகேறி, 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தை அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்திலிருந்து இறக்கியது. குரலை இருமுறை பதிந்து அடுக்கக் கோபேன் தயங்கியபோது, பீட்டில்ஸின் ஜான் லெனனும் அப்படிச் செய்தவர்தான் என்று சொல்லி விக் சம்மதிக்க வைத்தார் என்பது தெரிந்த கதை. அந்த ஆல்பம் பங்கைவிட மாட்லி குரூ என்ற மெட்டல் இசைக்குழுவின் பதிவுக்கே நெருக்கமாக ஒலிக்கிறது என்று கோபேன் பின்னர் நொந்துகொண்டார். அடுத்த ஆல்பத்துக்கு அவர்கள் தேடிப்போனது ஸ்டீவ் அல்பினியை. பிக் பிளாக் இசைக்குழுவில் வாசித்தவர், பிக்சீஸின் ‘சர்ஃபர் ரோசா’வைப் பதிந்தவர், விற்பனையில் பங்கு வேண்டாம், வேலைக்கான ஒரே தொகை போதும் என்று சொல்லி 1,00,000 டாலருக்கு ‘இன் யூட்டரோ’வைப் பதிந்து கொடுத்தவர். அப்படியும் ‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ ஆகிய இரண்டையும் ஸ்காட் லிட் மறுகலவை செய்த பிறகே ஆல்பம் வெளியானது.

எதிர்த் தரப்புச் சான்றுகளும் குறைவில்லை. நிர்வானாவின் முதல் ஒற்றை வெளியீடு, 1988இல் சப் பாப் நிறுவனம் ஆயிரம் பிரதிகளாக வெளியிட்ட ‘லவ் பஸ்’, ஷாக்கிங் புளூ என்ற டச்சு பாப் இசைக்குழுவின் பாடல். கோபேன் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்த ஐம்பது ஆல்பங்களின் பட்டியலில் முதலிடம் ஸ்டூஜஸின் ‘ரா பவர்’ என்பதைக் காட்டி மகிழ்ந்த மூத்த ரசிகரிடம், அதே பட்டியலில் ஏரோஸ்மித், நேக், பீட்டில்ஸ் ஆகிய ராக், பாப் இசைக்குழுக்களும் இருப்பதை டிரம்ஸ் வாசிப்பவர் சுட்டினார். இந்த முறை இருவரும் சிரித்தனர்.

‘பாலி’யின் இரு வடிவங்கள்

இவ்வளவுக்குப் பிறகும், ஒரு பாடலில் பங்க் எங்கே கேட்கிறது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதற்கு நெறியாளர் ஓர் எளிய சோதனையை முன்வைத்தார். ‘பாலி’ என்ற பாடல் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தில் அக்கூஸ்டிக் கிதாருடன், கிட்டத்தட்ட டிரம்ஸே இல்லாமல், அடங்கிய குரலில் ஒலிக்கிறது. அது 1990 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில், சாட் சானிங் டிரம்மராக இருந்தபோது பதிவான வடிவம். அதே பாடலை 1991 நவம்பரில் பிபிசி பதிவொன்றுக்காக மின்கிதாருடன் தலைதெறிக்கும் வேகத்தில் வாசித்தார்கள். ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ‘இன்செஸ்டிசைட்’ தொகுப்பில் ‘நியூ வேவ் பாலி’ என்ற பெயரில் அது இருக்கிறது. சொற்களும் மெட்டும் இரண்டிலும் ஒன்றே.

இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, எது பங்க், எது சிறந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வேகமான வடிவமே பங்க் என்று பெரும்பாலோர் எழுதினர். மெதுவான வடிவமே சிறந்தது என்று, மூத்த ரசிகர் உட்பட, எல்லோருமே எழுதினர். பாடல் ஒரு பெண்ணைக் கடத்திச் சித்திரவதை செய்பவனின் வாயிலிருந்து சொல்லப்படுவது. நடந்த ஒரு குற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. மெதுவான வடிவத்தில் அந்தக் குரலின் சலனமின்மை நடுங்கவைக்கிறது. விரைந்த வடிவத்தில் சொற்கள் காதில் விழுவதற்குள் கடந்துபோகின்றன.

இளைய உறுப்பினர் மட்டும் முதல் கேள்விக்கும் மெதுவான வடிவத்தையே எழுதியிருந்தார். காரணம் கேட்டபோது, கோடிக்கணக்கானோர் வாங்கிய ராக் ஆல்பத்தின் நடுவில், அலங்காரம் எதுவுமின்றி, அப்படியொரு பொருளை அப்படியொரு குரலில் வைப்பதைவிட எதிர்ப்பான செயல் என்ன இருக்கிறது என்று கேட்டார். பங்க் பேச்சே வேண்டாம் என்று தொடங்கியவரிடமிருந்து இந்தப் பதில் வந்தது. அங்கிருந்து பேச்சு அன்பிளக்டு நிகழ்ச்சிக்குத் திரும்பியது. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் பதிவான அந்த நிகழ்ச்சியில் ‘டீன் ஸ்பிரிட்’ வாசிக்கப்படவில்லை. பதினான்கு பாடல்களில் ஆறு பிறருடையவை. அந்த ஆறில் மூன்று மீட் பப்பெட்ஸ் என்ற இசைக்குழுவுடையவை. பிளாக் ஃபிளாக்கின் கிரெக் ஜின் நடத்திய எஸ்எஸ்டி நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து எடுத்தவை. அந்த இசைக்குழுவின் சகோதரர்கள் இருவரையும் மேடைக்கே அழைத்து வாசித்தார்கள். இரண்டாவது கிதாருடன் அமர்ந்திருந்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் பங்கின் தொடக்ககால இசைக்குழுவான ஜெர்ம்ஸின் பாட் ஸ்மியர். ஒலியில் மிக மென்மையான இந்தப் பதிவுதான், யாரோடு நின்று யாருடைய பாடலைப் பாடுவது என்ற அளவுகோலில் மிகவும் பங்காக இருந்தது. மூத்த ரசிகர் அதை உடனே ஏற்கவில்லை. மறுக்கவும் இல்லை.

பட்டியலும் அந்த மாலையும்

அறிமுகக் குறிப்பு இதன் பிறகு எளிதில் எழுதப்பட்டது. நிர்வானா பங்க் வட்டாரத்தில் வளர்ந்து, பீட்டில்ஸ், ஏரோஸ்மித், பிக்சீஸ் ஆகிய பலரிடமிருந்தும் எடுத்துக்கொண்ட ராக் இசைக்குழு என்றும், பங்கிலிருந்து அது பெற்றது ஒலியளவுக்கு நடத்தையும் என்றும் புதிய வரைவு கூறியது. எழுதியவர் மூத்த ரசிகரே. ஒரு சொல்லும் மாறாமல் எல்லோரும் ஏற்றனர்.

பட்டியல் அவ்வளவு எளிதாக முடியவில்லை. செல்வாக்கு என்ற ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டதால், ஒவ்வொருவரும் தனக்கு ஏன் ஒரு பாடல் பிடிக்கிறது என்பதை நேராகச் சொல்ல வேண்டியிருந்தது. சிலருக்கு அது வரவில்லை. வாக்கெடுப்பில் ‘அபௌட் எ கேர்ள்’, ‘நெகட்டிவ் கிரீப்’, ‘டீன் ஸ்பிரிட்’, ‘பிரீட்’, ‘டிரெயின் யூ’, ‘டெரிடோரியல் பிஸ்ஸிங்ஸ்’, ‘அனியூரிசம்’, ‘சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ ஆகிய ஒன்பதும் தேறின. ‘டீன் ஸ்பிரிட்’டுக்கு மூத்த ரசிகர் எதிராகவே வாக்களித்தார்; பெயரை நீக்கும்படி கேட்கவில்லை. ‘டீன் ஸ்பிரிட்’டுக்கு இணையான பாடல் என்று கோபேனே குறிப்பிட்ட ‘டிரெயின் யூ’ எல்லோருடைய வாக்கையும் பெற்றது. பத்தாவது இடத்தை ‘பாலி’க்குக் கொடுத்து, இரு வடிவங்களையும் தொடர்ந்து ஒலிக்கவிடுவது என்று தீர்மானமானது.

அழைக்கப்பட்டவர்கள் அந்த மாலையில் அதிகம் பேசியதும் அந்தப் பத்தாவது இடத்தைப் பற்றியே. குறிப்பில் இருந்த பங்க் வரலாற்றைப் பற்றி ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார். வைப்பர்ஸை எங்கே தொடங்கிக் கேட்பது என்று. 1980இல் வந்த ‘இஸ் திஸ் ரியல்?’ என்று மூத்த ரசிகரும் டிரம்ஸ் வாசிப்பவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இசைக்குழு தானே எழுதிய பாடல்கள் மட்டுமே பட்டியலில் வரலாம் என்ற பழைய விதி இந்த முறையும் கேள்வியின்றித் தொடர்ந்தது. செல்வாக்கைப் பற்றிய மிக வலுவான சான்றுகள் பிறர் பாடல்களை அவர்கள் வாசித்த இடங்களில்தான் கிடைத்தன என்பதைக் கண்ட பிறகும், அந்தப் பாடல்களில் ஒன்றையும் வந்தவர்கள் கேட்க முடியாமல் போனது. லெட் பெல்லி என்ற பாடகரின் வழியாகப் பலரும் அறிந்த பழைய நாட்டுப்பாடலைக் கொண்டு அன்பிளக்டு நிகழ்ச்சியை முடித்த அந்தப் பதிவை இளைய உறுப்பினர் முன்மொழிந்தபோது விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அவருடைய மனக்குறை நியாயமானது. இந்த விதியை ஒவ்வொரு இசைக்குழுவுக்கும் தொடக்கத்திலேயே எடுத்துப் பேச வேண்டும்.

பேச்சு முழுவதும் ஒலியையும் மரபையும் சுற்றியே நடந்ததும் ஒரு குறை. ‘இன்செஸ்டிசைட்’ தொகுப்புடன் வந்த குறிப்பில், ஓரினச் சேர்க்கையாளரையும் வேற்று நிறத்தவரையும் பெண்களையும் வெறுப்பவர்கள் தங்கள் பதிவுகளை வாங்கவும் நிகழ்ச்சிகளுக்கு வரவும் வேண்டாம் என்று கோபேன் எழுதியிருந்தார். அதே குறிப்பில், லண்டனில் ரெயின்கோட்ஸ் என்ற பெண்கள் பங்க் இசைக்குழுவின் உறுப்பினரைத் தேடிச் சென்றதை விவரித்திருந்தார். ஒலிம்பியாவின் பெண் இசைக்குழுக்களிடமிருந்து அவர் பெற்றதை ஒரு தலைப்பின் கதையாக மட்டும் சுருக்கிவிட்டோம். வட்டத்தில் பெண் ஒருவர் மட்டுமே இருந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ‘பாலி’யைப் பற்றிய பேச்சில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கேட்பு அமர்வில் பழைய பதிவை முதலில் ஒலிக்கவிடும் விதி தொடர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எழுதிக் கொடுக்கும் முறையை இறுதியில் வைக்காமல் முதல் அமர்விலேயே வைக்கலாம் என்று டிரம்ஸ் வாசிப்பவர் யோசனை சொல்லியிருக்கிறார். அடுத்ததாக எடுத்துக்கொள்ளவிருக்கும் இசைக்குழு தி கிளாஷ். 1979இன் இரட்டை ஆல்பத்தைப் பங்க் என்று சொல்லலாமா என்பதில் இப்போதே இரண்டு கருத்துகள் இருக்கின்றன.